இரண்டு பெட்டி, எத்தனை பூனை? மீக்கடத்திச் சுற்றுகளில் விசித்திர நிலைகளை மோதவிடுவது பற்றி

#1 அரைவேக்காடு

வணக்கம். நான் இயற்பியல் படித்தவன் இல்லை, நிரல் எழுதிப் பிழைப்பவன். அணிகள், ஐகன் மதிப்பு வரைக்கும் பயமில்லை. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் அங்கங்கே பொறுக்கியது.

மீக்கடத்திச் சுற்றுகளில் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத உலோகச் சுற்றுகள்) "பூனை நிலை" உருவாக்குகிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஷ்ரோடிங்கர் 1935-ல் கிண்டலாகச் சொன்ன, ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்கும் பூனையை இவர்கள் நுண்ணலையை வைத்து நிஜமாகவே செய்துவிட்டார்கள். அதுவரை எப்படியோ ஒப்புக்கொண்டேன். ஆனால் அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பெட்டிகளில் இரண்டு விசித்திர நிலைகளை வைத்து அவற்றை ஒன்றோடொன்று "இடைவினை" செய்ய வைக்கிறார்களாம்.

என் குழப்பம் இரண்டு. ஒன்று, ஃபோட்டான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போகும் என்றுதானே பள்ளியிலிருந்து சொல்லித்தந்தார்கள், பிறகு எப்படி இடைவினை? இரண்டு, ஓரிடத்தில் "இரண்டு பெட்டிகளில் வாழும் ஒரு பூனை" என்கிறார்கள், இன்னோரிடத்தில் "பின்னிக்கொண்ட இரண்டு பூனைகள்" என்கிறார்கள். ஒரே சோதனையைப் பற்றி! எது சரி?

#2 சந்திப்பிழை

முதல் குழப்பத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதைக் கணக்குப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்வார், அவருக்குப் பிடித்த இடம் அது.

மீக்கடத்தி உலோகத்தில் ஒரு கேவிட்டி செய்து (இனிமேல் பெட்டி என்றே சொல்கிறேன்) அதில் நுண்ணலையை அடைத்தால், அது சீரான ஊசல் மாதிரி நடந்துகொள்ளும். அதன் ஆற்றல் ஏணியில் படிகள் எல்லாம் ஒரே உயரம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுதான் தொல்லையே. முதல் படிக்கு ஏற்ற எந்த அதிர்வெண்ணில் தட்டுகிறீர்களோ, அதே தட்டு இரண்டாம் படிக்கும், பத்தாம் படிக்கும் பொருந்தும். எனவே எப்படித் தட்டினாலும் கடைசியில் கிடைப்பது ஓரியல் நிலைதான், அதாவது லேசர் ஒளியின் நுண்ணலைத் தம்பி. அதில் விசித்திரம் எதுவும் கிடையாது. சாதாரண ஊசல் இப்படியும் அப்படியும் ஆடுவதற்கு மிக நெருக்கமான குவாண்டம் நிலை அது.

ஒரே நேரத்தில் இப்படி ஆடுவதும் அதற்கு நேர் எதிராக ஆடுவதும் சேர்ந்த மேற்பொருத்தம்தான் பூனை நிலை. இதை உருவாக்க, படிகள் சமமில்லாத ஏதோ ஒன்றைப் பெட்டிக்குள் நுழைத்தாக வேண்டும். அதற்குத்தான் ஜோசப்சன் சந்தி: இரண்டு மீக்கடத்திகள், நடுவே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு. 1962-ல் ஜோசப்சன் கணித்தது. இந்தச் சந்தியை ஒரு மின்தேக்கியோடு சேர்த்தால் டிரான்ஸ்மான், 2007-ல் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் முன்வைத்த வடிவம். அதன் படிகள் மேலே போகப்போக நெருங்கும். அதனால் கீழே உள்ள இரண்டு படிகளை மட்டும் தனியாகத் தொட முடிகிறது.

பெட்டியில் எத்தனை ஃபோட்டான் இருக்கிறதோ, அதற்கேற்ப டிரான்ஸ்மானின் அதிர்வெண் நகரும். ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் மொத்த வித்தையும் இந்த நகர்வில்தான் இருக்கிறது. ஃபோட்டான் ஃபோட்டானோடு பேசாது. இரண்டும் டிரான்ஸ்மானோடு பேசும். இடைத்தரகர் வழியாகத்தான் எல்லாமே.

#3 பனிக்குடம்

குளிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 5 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் 0.24 கெல்வின். அலுமினியம் 1.2 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடும், ஆனால் அங்கே நின்றால் பெட்டி முழுக்க வெப்ப ஃபோட்டான்கள். அதனால்தான் நீர்த்தல் குளிர்விப்பானை வைத்து 10 முதல் 20 மில்லிகெல்வின் வரை இறங்குகிறோம். 20 மில்லிகெல்வினில் ஒரு தேவையற்ற ஃபோட்டான் இருக்க வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. அது காகிதத்தில். நடைமுறையில் டிரான்ஸ்மான் 50 மில்லிகெல்வினில் இருப்பது போல நடந்துகொள்ளும். கம்பி வழியே எங்கிருந்தோ சூடு வந்துகொண்டே இருக்கும்.

சுவாரசியமான ஒரு விதிவிலக்கு: 2025-ல் இன்ஸ்ப்ரக் குழு ஒன்று, பெட்டியின் நிலையை வேண்டுமென்றே 1.8 கெல்வின் வரை சூடாக்கி, அதிலிருந்தே பூனை நிலையை உருவாக்கிக் காட்டியது. ஆக, சூடு இருந்தால் பூனையே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை வைத்துக் கணினி கட்டுவது வேறு கதை.

#4 கணக்குப்பிள்ளை

அழைத்தீர்கள், வந்துவிட்டேன்.

நீங்கள் சொல்லும் சோதனை 2016-ல் யேலில் நடந்தது. இரண்டு அலுமினியப் பெட்டிகள், இரண்டையும் தொட்டுக்கொண்டு நடுவே ஒரு டிரான்ஸ்மான். உருவாக்கிய நிலையை வார்த்தையில் சொன்னால்: "இரண்டு பெட்டியும் வலப்பக்கம் ஆடுகிறது" கூட்டல் "இரண்டு பெட்டியும் இடப்பக்கம் ஆடுகிறது". இப்படிப் பார்த்தால் ஒரே பூனை, அதன் உடல் இரண்டு பெட்டிகளில் பரந்து கிடக்கிறது.

இப்போது அடித்தளத்தை மாற்றுங்கள். உங்களுக்கு அணிகள் தெரியும் என்பதால் நேராகவே சொல்கிறேன். வலம் கூட்டல் இடம் என்பதை இரட்டைப் பூனை என்போம், ஏனென்றால் அதில் 0, 2, 4 என்று இரட்டை எண்ணிக்கையில் மட்டுமே ஃபோட்டான் இருக்கும். வலம் கழித்தல் இடம் என்பது ஒற்றைப் பூனை: 1, 3, 5. வலத்தையும் இடத்தையும் இந்த இரண்டின் கூட்டல் கழித்தலாக எழுதி மேலே உள்ள நிலையில் போட்டுப் பெருக்குங்கள். குறுக்கு உறுப்புகள் அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது: "இரட்டைப் பூனை, இரட்டைப் பூனை" கூட்டல் "ஒற்றைப் பூனை, ஒற்றைப் பூனை". அதாவது, பெட்டிக்கு ஒரு பூனை, இரண்டும் பின்னிக்கொண்டவை: ஒன்று இரட்டை என்றால் மற்றதும் இரட்டை, ஒன்று ஒற்றை என்றால் மற்றதும் ஒற்றை.

ஒரே வெக்டர். நீங்கள் எந்த அச்சில் நின்று பார்க்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். அந்தக் கட்டுரையே இரண்டு விதமாகவும் பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. (ஓரியல் நிலைகள் நன்றாக விலகி இருக்கும்போதுதான் இது சுத்தமாக வரும். சின்னப் பூனைகளுக்கு, "குட்டி" என்பார்கள், கெழுக்கள் கொஞ்சம் கோணலாகும்.)

#5 அரைவேக்காடு

அடேயப்பா. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது. கண்டிப்பாகச் சிக்கலாக ஏதோ இருக்கும் என்று பயந்திருந்தேன், நாலு வரிதான்.

ஆனால் அவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்? பெட்டியைத் திறந்தால் பூனை போய்விடும் அல்லவா?

#6 சந்திப்பிழை

அதுதான் பூனைக்கு மணி கட்டும் வேலை. எத்தனை ஃபோட்டான் என்று கேட்கக் கூடாது. ஒற்றையா இரட்டையா என்று மட்டும் கேட்க வேண்டும்.

டிரான்ஸ்மானை மேற்பொருத்தத்தில் வைத்துவிட்டு அரை மைக்ரோவினாடி காத்திருங்கள் (நகர்வு 1 மெகாஹெர்ட்ஸ் என்றால்). ஒவ்வொரு ஃபோட்டானும் டிரான்ஸ்மானின் கட்டத்தை (phase) அரைச்சுற்று திருப்பும். இரட்டை எண்ணிக்கை என்றால் முழுச்சுற்றுகள், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஒற்றை என்றால் எதிர்ப்பக்கம். இப்போது டிரான்ஸ்மானை அளந்தால் தெரிவது ஒற்றையா இரட்டையா என்பது மட்டும். 4 ஃபோட்டானா 14 ஃபோட்டானா என்பது யாருக்கும் தெரியாது, டிரான்ஸ்மானுக்கும் தெரியாது. அதனால் பூனை பிழைத்தது. 2014-ல் இதே அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்து, ஃபோட்டான் ஒவ்வொன்றாகக் கழன்று போவதையே நேரலையாகப் பார்த்தார்கள்.

இரண்டு பெட்டி சோதனையில் கேட்டது கூட்டுக்கேள்வி: இரண்டு பெட்டியிலும் சேர்த்து மொத்தம் ஒற்றையா இரட்டையா? இங்கே நுட்பம் என்னவென்றால், தனித்தனியே எந்தப் பெட்டி ஒற்றை என்று வெளியே கசியவே கூடாது. இரண்டு பெட்டிகளுக்கும் நகர்வு ஒரே அளவில் இருக்காது என்பதால், டிரான்ஸ்மானின் மூன்றாவது படியையும் பயன்படுத்தி ஈடுகட்டினார்கள். பெட்டிகளை வெவ்வேறு அளவு தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு இதே கேள்வியைக் கேட்டால், முழு விக்னர் படமும் (குவாண்டம் நிலையின் முழு வரைபடம்) கிடைத்துவிடும்.

#7 வெற்றிடம்

எல்லாரும் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் கல்லெறிகிறேன்.

இதை "இடைவினை" என்று அழைப்பதே எனக்கு உறுத்துகிறது. ஒரு பெட்டியில் மட்டும் ஒரு பெரிய பூனையை வையுங்கள், இன்னொன்று காலி. நடுவே பாதிக்குப் பாதி பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர். ஓரியல் நிலை பீம் ஸ்பிளிட்டரில் போனால் இரண்டு சின்ன ஓரியல் நிலைகளாகப் பிரியும், அவ்வளவுதான். வலமும் பிரியும், இடமும் பிரியும். கிடைப்பது கணக்குப்பிள்ளை சொன்ன அதே நிலை, அச்சு அசலாக! பீம் ஸ்பிளிட்டர் முழுக்க நேரியல் சாதனம். ஃபோட்டான் எதுவும் எதோடும் மோதவில்லை. தண்ணீரை இரண்டு குடத்தில் ஊற்றியதற்குப் பெயர் இடைவினையா?

#8 கணக்குப்பிள்ளை

வெற்றிடம் சொல்வது கணக்குப்படி சரி. நானும் இந்த வாதத்தை வைக்கலாம் என்றிருந்தேன், முந்திக்கொண்டார்.

கூடுதலாக ஒன்று: இரு பக்கமும் ஒவ்வொரு ஃபோட்டானை பீம் ஸ்பிளிட்டரில் விட்டால், இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஒரே பக்கம் வெளியேறும். ஹாங், ஓ, மாண்டல் மூவரும் 1987-ல் ஒளியில் காட்டியது. பார்க்க ஒன்றையொன்று ஈர்ப்பது போலவே இருக்கும், ஆனால் ஈர்ப்பு எதுவும் கிடையாது, வீச்சுகளின் குறுக்கீடு மட்டும்தான்.

#9 சந்திப்பிழை

பாதி ஒப்புக்கொள்கிறேன், மீதிப் பாதிக்குச் சண்டை போடுகிறேன்.

அந்தப் பெரிய பூனை எங்கிருந்து வந்தது? நேரியலற்ற வேலையை முன்கூட்டியே ஒரு பெட்டியில் முடித்துவிட்டு, பிறகு நேரியலாகப் பங்கிட்டீர்கள். கடனை முதலிலேயே வாங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். அதோடு, வெறும் பங்கிடுதலை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே வேறு வேறு தகவல் ஏற்றிய இரண்டு நிலைகளுக்கு நடுவே "இது இப்படி இருந்தால் அது திரும்பட்டும்" என்ற கட்டளையைப் போட முடியாது. பீம் ஸ்பிளிட்டர் எதை வேண்டுமானாலும் கலக்கும், ஆனால் நீங்கள் வைத்த குறியேற்றத்துக்கு (தகவலை எந்தெந்த நிலைகளில் எழுதுவது என்ற ஏற்பாட்டுக்கு) வெளியே தள்ளிவிடும்.

இங்கேதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சாதனம் வருகிறது: இ-ஸ்வாப். 2019-ல் யேல் குழு செய்தது.

இரண்டு பெட்டிகளின் உள்ளடக்கத்தை அப்படியே இடம் மாற்றுவது ஸ்வாப். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியத் தேவையில்லை, பூனையோ வேறெதுவோ. இப்போது "மாற்று" என்பதற்கும் "மாற்றாதே" என்பதற்கும் மேற்பொருத்தம் எடுத்தால்? இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் இடம் மாறியும் மாறாமலும் இருக்கும். பாதிக்குப் பாதி எடுத்தால், உள்ளே வெவ்வேறு நிலைகள் இருக்கும்பட்சத்தில் அவை பின்னிக்கொள்ளும். எந்தக் குறியேற்றமாக இருந்தாலும் சரி.

செய்முறை இன்னும் அழகு. முதலில் பீம் ஸ்பிளிட்டர். பிறகு டிரான்ஸ்மான் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தால் மட்டும் ஒரு பெட்டியின் ஒற்றை ஃபோட்டான் எண்ணிக்கைகளுக்குக் கழித்தல் குறி (மேலே #6-ல் சொன்ன அதே காத்திருப்பு). பிறகு பீம் ஸ்பிளிட்டரைத் தலைகீழாக. இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டுப்படுத்தப்பட்ட ஸ்வாப். அதை ஒருமுறை செய்து, டிரான்ஸ்மானைக் கொஞ்சம் சுழற்றி, மறுபடி ஒருமுறை செய்தால் இ-ஸ்வாப். எவ்வளவு சுழற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது பின்னல். முடிவில் டிரான்ஸ்மான் ஆரம்ப நிலைக்கே வந்து ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்கவில்லை என்றால் நடுவில் ஏதோ பிழை நடந்தது என்று தெரிந்துவிடும்.

பீம் ஸ்பிளிட்டரும் கண்ணாடித் துண்டு இல்லை. இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு அதிர்வெண்ணில் இருப்பதால் தானாகக் கலக்காது. நடுவில் உள்ள சந்தியின் மேல் இரண்டு பம்ப் அலைகளை (வெளியிலிருந்து தரும் வலுவான நுண்ணலைகளை) அடிப்பார்கள், அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் பெட்டிகளின் வித்தியாசத்துக்குச் சரியாக இருக்கும்படி. பம்பை நிறுத்தினால் கதவு சாத்திக்கொள்ளும். எனவே வெற்றிடம் அவர்களே, உங்கள் "நேரியல்" பீம் ஸ்பிளிட்டருக்குள்ளும் ஒரு நேரியலற்ற சந்திதான் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

#10 வெற்றிடம்

கடைசி வரிக்காக ஒரு புள்ளி உங்களுக்கு. "கடன்" என்ற சொல்லையும் ஏற்கிறேன், அது இடைவினை என்பதைவிட நேர்மையாக இருக்கிறது. கடன் என்றால் வட்டி உண்டே, அதை யாரும் சொல்லவில்லை.

#11 பனிக்குடம்

வட்டியைக் கட்டுகிறவன் நான்தான், சொல்கிறேன்.

டிரான்ஸ்மான் பெட்டியைக் காக்கவும் கேள்வி கேட்கவும் வைத்த வேலி. ஆனால் பெட்டியில் ஃபோட்டான் ஒரு மில்லிவினாடி தங்கும் என்றால், டிரான்ஸ்மான் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அந்த அரை மைக்ரோவினாடிக் காத்திருப்பின் நடுவில் எப்போதாவது டிரான்ஸ்மான் கீழே விழுந்தால், எந்தக் கணத்தில் விழுந்தது என்று தெரியாது, எனவே பெட்டியின் கட்டம் எவ்வளவு திரும்பியது என்றும் தெரியாது. பூனை வட்டமாகக் கரைந்துவிடும். வேலியே பயிரை மேய்வது என்றால் இதுதான். 2018-ல் இதற்கு ஒரு மாற்று காட்டினார்கள்: டிரான்ஸ்மானின் மூன்றாவது படியைப் பயன்படுத்தி, ஒரு படி விழுந்தாலும் நகர்வு மாறாதபடி பம்பால் சரிசெய்துவிடுவது. விழுந்தாலும் பெட்டிக்குத் தெரியாது.

இரண்டாவது வட்டி கெர் விளைவு. டிரான்ஸ்மானின் கோணல் கொஞ்சம் பெட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும், பெட்டியின் படிகளும் சற்றே சமமற்றதாகும். சில கிலோஹெர்ட்ஸ்தான், ஆனால் ஃபோட்டான் எண்ணிக்கை கூடும்போது அதன் இருபடியாக ஏறும். நீங்கள் எதுவும் செய்யாமல் காத்திருக்கும்போதே பூனை வாழைப்பழம் மாதிரி வளைந்துகொண்டிருக்கும். விந்தை என்னவென்றால், அந்தக் கெர் விளைவையே விட்டுவைத்தால், சரியான ஒரு தருணத்தில் ஓரியல் நிலை தானாகவே பூனையாகும், இன்னும் முன்பே பார்த்தால் மூன்று தலை, நான்கு தலைப் பூனை. 2013-ல் இதையும் அளந்து காட்டிவிட்டார்கள். ஒருவருக்குக் கோளாறு, இன்னொருவருக்குச் சோதனை.

மூன்றாவது, பம்ப் அலை. வேகமாகக் கலக்க வேண்டுமென்று பம்பைக் கூட்டினால் ஏதோ ஒரு வேண்டாத அதிர்வு விழித்துக்கொள்ளும். நான் ஒருமுறை இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெட்டி தன் பாட்டில் சூடாகிறது, காரணம் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், பம்ப் அதிர்வெண்ணின் இருமடங்கு டிரான்ஸ்மானின் மேல் படி ஒன்றுக்கு அருகில் உட்கார்ந்திருந்தது. 15 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தினேன், போய்விட்டது. இதையெல்லாம் யாரும் கட்டுரையில் எழுத மாட்டார்கள்.

#12 அரைவேக்காடு

ஆக டிரான்ஸ்மான் மதில்மேல் பூனை, பெட்டிக்குள் இருப்பது நிஜப் பூனை. சரி சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

தரகரே இல்லாமல் பூனையைக் காப்பாற்ற வழி இல்லையா?

#13 கணக்குப்பிள்ளை

இருக்கிறது, அது வேறொரு பள்ளி. பெட்டியிலிருந்து ஃபோட்டான்களை இரண்டிரண்டாக மட்டும் வெளியேற்றி, இரண்டிரண்டாக மட்டும் உள்ளே தள்ளும்படி சுற்றை அமைப்பது. அப்படிச் செய்தால் அமைப்பு தானாகவே வலம், இடம் என்ற இரண்டு பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2015-ல் முதலில் காட்டினார்கள். பள்ளங்களை விலக்க விலக்க, ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும் பிழை அடுக்குக்குறி வேகத்தில் குறையும். 2024-ல் பாரிசில் ஒரு குழு 10 வினாடிக்கு மேல் தாவாமல் வைத்திருந்தது.

இதில் இடைவினைதான் உண்மையிலேயே புத்திசாலித்தனமான இடம். சாதாரண இருநிலைக் க்யூபிட்டுகளில் (குவாண்டம் பிட்டுகளில்), ஒரு வகைப் பிழை மட்டும் மிகக் குறைவாக இருக்கும் இந்த ஒருதலைப்பட்சத்தைக் கெடுக்காமல் சி-நாட் வாயிலை (முதலாவதைப் பொறுத்து இரண்டாவதைத் திருப்பும் செயலை) தொடர்ச்சியாக நிகழ்த்த முடியாது. வாயில் பாதியில் நிற்கும்போது ஒரு வகைப் பிழை இன்னொரு வகையாக மாறிவிடும். பூனைகளில் முடியும். ஏனென்றால் வலத்தை இடமாக்க அதை நடுக்கோட்டின் வழியாக இழுக்க வேண்டியதில்லை. கட்டவெளித் தளத்தில் (ஊசலின் இடமும் வேகமும் அச்சுகளாக உள்ள தளம்) இரண்டு பள்ளங்களையும் சேர்த்து அப்படியே அரைவட்டம் சுற்றிவிட்டால் போதும். வலம் இடத்தின் இடத்துக்கும், இடம் வலத்தின் இடத்துக்கும் வந்துவிடும். வழி நெடுகிலும் பள்ளங்கள் விலகியே இருக்கும். முதல் பூனை வலம் என்றால் சுற்றாதே, இடம் என்றால் சுற்று. இரண்டு விசித்திர நிலைகள் ஒன்றையொன்று திருப்பும் இடைவினைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

#14 வெற்றிடம்

அந்த 10 வினாடியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் எப்படி? அதே சோதனையில் இன்னொரு வகைப் பிழை, கட்டம் புரளுவது, 490 நானோவினாடி அளவில் நடந்தது. ஒரு பக்கம் பத்து வினாடி, மறுபக்கம் அரை மைக்ரோவினாடி! விளம்பரத்தில் ஒரு எண்தான் பெரிய எழுத்தில் வரும்.

#15 கணக்குப்பிள்ளை

ஏற்கிறேன், ஆனால் அது ஏமாற்று இல்லை, பேரம். ஒரு பிழையை ஒழித்துவிட்டால், மிஞ்சும் ஒன்றை எளிய மீள்குறியால் (அதே தகவலைப் பலவற்றில் திரும்ப எழுதிவைப்பதால்) பிடிக்கலாம், இரு பரிமாணப் பெரிய வலை தேவையில்லை என்பதுதான் வாதம். 2025-ல் அமேசான் குழு ஓஸலாட் என்ற சில்லில் ஐந்து பூனைகளை வரிசையாக வைத்து, நடுவே நான்கு டிரான்ஸ்மான்களைக் காவலுக்கு வைத்து இதைத்தான் முயன்றது. பேரம் கட்டுபடியாகுமா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. 490 நானோவினாடி கட்டாயம் நீள வேண்டும்.

இருபக்கமும் சமமாகக் காக்க வேண்டுமென்றால் பூனையை விட்டுவிட்டு ஜிகேபி (முன்மொழிந்த காட்ஸ்மன், கிட்டாயேவ், பிரெஸ்கில் மூவரின் பெயர்ச்சுருக்கம்) என்ற, சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட நிலைக்குப் போகலாம். 2023-ல் யேலில் அதை வைத்துப் பிழை திருத்திய க்யூபிட், திருத்தாத மிகச் சிறந்த இயல்பு க்யூபிட்டைவிட 2.27 மடங்கு நீடித்தது. ஆனால் இரண்டு ஜிகேபியை மோதவிடுவது தனித் தலைவலி, அதற்குத் தனி இழை போடுங்கள்.

#16 அரைவேக்காடு

போடுகிறேன். அதற்கு முன் எனக்குப் புரிந்ததா என்று ஒரு கணக்கு. 2013-ல் யேல் 111 ஃபோட்டான் அளவுள்ள பூனையைச் செய்ததாகப் படித்தேன். பெட்டியில் ஒரு ஃபோட்டான் சராசரியாக ஒரு மில்லிவினாடி தங்கும் என்று வைத்துக்கொண்டால், 111 ஃபோட்டானில் ஏதோ ஒன்று கழன்று இரட்டைப் பூனை ஒற்றையாக மாற 1000 வகுத்தல் 111, சுமார் 9 மைக்ரோவினாடி. சரியா?

#17 பனிக்குடம்

வழி சரி, எண் தப்பு. எல்லாரும் விழுகிற குழி இது. பூனையின் "அளவு" என்று அவர்கள் சொல்வது வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தின் இருபடி. ஃபோட்டான் சராசரி என்பது மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருபடி. பாதித் தூரம், எனவே கால்வாசி. 111 என்றால் சராசரி 28 ஃபோட்டான், உங்கள் ஒரு மில்லிவினாடிப் பெட்டியில் சுமார் 36 மைக்ரோவினாடி.

#18 அரைவேக்காடு

அட, அப்படியானால் அதற்குள் எத்தனை தடவை மணி கட்டலாம்?

#19 பனிக்குடம்

காத்திருப்பு அரை மைக்ரோவினாடிதான். ஆனால் டிரான்ஸ்மானை அளந்து, மறுபடி தயார் செய்ய இன்னும் ஒன்றிரண்டு மைக்ரோவினாடி வேண்டும். பத்துப் பதினைந்து தடவை என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்மான் கீழே விழவும் ஒரு வாய்ப்பு கொடுக்கிறீர்கள், அதனால் நான் அத்தனை தடவை கட்ட மாட்டேன்.